நகராட்சிக் கோப்பில் வராத ஒரு காகிதம்

உள்ளாட்சி அமைப்புகளின் ஒப்பந்தங்களைப் படித்துச் சட்டக் கருத்து எழுதித் தருவது என் தொழில். குடிநீர் வழங்கல், குப்பை அகற்றுதல், தெருவிளக்குப் பராமரிப்பு என எதைத் தனியாரிடம் விடுவதாக இருந்தாலும் நகராட்சி மன்றத்தின் முன் தடித்த கோப்பு ஒன்று வந்து சேரும். டெண்டர் அறிவிப்பு, மதிப்பீடு, பொறியாளரின் குறிப்பு, தணிக்கை ஆட்சேபணை, வரைவு ஒப்பந்தம் எல்லாம் அதில் இருக்கும். நாட்டின் அரசு வேறொரு நாட்டுடன் என்றோ கையெழுத்திட்ட வர்த்தக உடன்படிக்கையோ முதலீட்டு உடன்படிக்கையோ மட்டும் இருக்காது. யாரும் அதை மறைப்பதில்லை. இந்தக் கோப்புக்கு அது தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு மிகையான அச்சத்தை ஒதுக்கிவிடலாம். குடிநீரைத் தனியாருக்கு விற்றுவிடு என்று கட்டளையிடும் வர்த்தக உடன்படிக்கை எதையும் நான் படித்ததில்லை. மேடைகளில் அப்படிப் பேசுபவர்கள் எதிர்த்தரப்புக்கு வேலையை எளிதாக்கிவிடுகிறார்கள். உடன்படிக்கைகள் செய்யும் காரியம் வேறு. ஒரு சேவையைத் தனியாரிடம் விட்டபின் திரும்ப எடுக்க நினைத்தாலோ, விதிகளைக் கடுமையாக்க நினைத்தாலோ, அந்த மனமாற்றத்துக்கு முன்கூட்டியே ஒரு விலை வைத்துவிடுகின்றன. தேர்தல் நடத்துவதே மனம் மாறும் உரிமை மக்களுக்கு இருக்கிறது என்பதால்தான். உரசல் அங்கே தொடங்குகிறது.

உலக வர்த்தக அமைப்புடன் 1995-இல் நடைமுறைக்கு வந்தது, காட்ஸ் எனப்படும் சேவை வர்த்தகப் பொது உடன்படிக்கை. மத்திய, மாநில, உள்ளாட்சி அரசுகளின் நடவடிக்கைகள் அனைத்தும் தனக்குள் அடங்கும் என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. கூடவே ஒரு விலக்கும் தருகிறது: அரசு அதிகாரத்தின்கீழ் வழங்கப்படும் சேவைகளுக்கு உடன்படிக்கை பொருந்தாது. பொதுச் சேவைகளுக்கு ஆபத்தில்லை என்பவர்கள் இந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அடுத்த வரியில்தான் நிபந்தனைகள் இருக்கின்றன. அந்தச் சேவை வணிக அடிப்படையில் நடக்கக் கூடாது. வேறு சேவையாளர் யாருடனும் போட்டியிலும் இருக்கக் கூடாது. இரண்டும் பொருந்தினால்தான் விலக்கு. கட்டணம் வாங்கும் அரசு மருத்துவமனை, பக்கத்திலேயே ஒரு தனியார் மருத்துவமனை என்றால் விலக்கு நிலைக்குமா? வாதாடலாம், உறுதி சொல்ல முடியாது.

விலக்குக்குள் வரவில்லை என்பதாலேயே தலை போய்விடாது. சந்தையைத் திறக்கும் கடமை, ஒரு நாடு தன் பட்டியலில் எழுதிக்கொடுத்த துறைகளுக்கு மட்டுமே. ஆனால் பட்டியல் எழுதுவதில் வல்லரசுகளும் சறுக்குகின்றன. விளையாட்டு நீங்கலான பிற பொழுதுபோக்குச் சேவைகள் என்ற தலைப்பை அமெரிக்கா தன் பட்டியலில் திறந்து வைத்திருந்தது. இணையச் சூதாட்டத் தடையை எதிர்த்து கரீபியன் தீவு நாடான ஆன்டிகுவா வழக்குத் தொடுத்தபோது, சூதாட்டத்தைத் திறந்துவிடும் எண்ணமே தனக்கு இருந்ததில்லை என்றது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு 2005-இல் அதை ஏற்கவில்லை. 2007-இல் அந்த வாக்குறுதியைத் திரும்பப் பெற முனைந்த அமெரிக்கா, மற்ற நாடுகளுடன் ஈடு பேச வேண்டியிருந்தது. காட்ஸின் 21-ஆம் பிரிவு அதற்கு வேறு வழி வைக்கவில்லை. கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்டது போன்ற புதிய உடன்படிக்கைகளில் முறை தலைகீழ்: விலக்கு என்று எழுதாதவை எல்லாம் திறந்தவையாகவே கொள்ளப்படும். பட்டியல் எழுதியவர் மறந்த துறைக்குப் பாதுகாப்பே கிடையாது.

காட்ஸில் ஒரு நாட்டின் மீது இன்னொரு நாடுதான் வழக்குப் போட முடியும். வெளிநாட்டு முதலீட்டைக் காக்க நாடுகள் செய்துகொள்ளும் முதலீட்டு உடன்படிக்கைகளில் வெளிநாட்டு நிறுவனமே அரசைச் சர்வதேச நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். இதில் உள்ளாட்சி எங்கே நிற்கிறது என்று யாராவது கேட்டால் மெக்சிகோவின் குவாதல்காசர் வழக்கைத்தான் நான் எடுத்துச் சொல்வேன்.

சான் லூயிஸ் பொட்டோசி மாநிலத்தில் உள்ள சிறிய நகராட்சி அது. அங்கே ஒரு நச்சுக்கழிவுக் கிடங்கில் ஏற்கெனவே சுமார் 20,000 டன் கழிவு கிடந்தது. மெட்டல்கிளாட் என்ற அமெரிக்க நிறுவனம் 1993-இல் அதை வாங்கி, கழிவைப் புதைக்கும் தளம் ஒன்றைக் கட்டத் தொடங்கியது. மத்திய அரசின் அனுமதி கையில் இருந்தது. நகராட்சியின் கட்டட அனுமதி இல்லை. 1994-இல் நகராட்சி வேலையை நிறுத்தச் சொன்னது. அனுமதி கிடைத்துவிடும் என்று மத்திய அதிகாரிகள் உறுதியளித்ததாகச் சொல்லி நிறுவனம் கட்டி முடித்தது. 1995 டிசம்பரில் நகராட்சி விண்ணப்பத்தை நிராகரித்தது. 1997-இல் மாநில ஆளுநர் அப்பகுதியைக் கள்ளிச்செடிக் காப்பகமாக அறிவித்துவிட்டார். வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக உடன்படிக்கையின்கீழ் வழக்கை விசாரித்த நடுவர் மன்றம், 2000 ஆகஸ்டில் 1 கோடியே 66 லட்சத்து 85 ஆயிரம் டாலர் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் காரணங்கள் சிலவற்றைத் தள்ளுபடி செய்தது. இழப்பீடு பெரும்பாலும் அப்படியே நின்றது.

நிறுவனத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதிகாரிகளின் வாய்வார்த்தையை நம்பிப் பணம் போட்டவர் யாராக இருந்தாலும் கோபம் வரும். என்னை உறுத்துவது வேறு. கழிவு வரப்போகும் மண்ணுக்குப் பொறுப்பான நகராட்சி அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை. நகராட்சி பார்க்க வேண்டியது கட்டுமானத்தை மட்டும், கழிவால் வரும் ஆபத்தை மதிப்பிடுவது மத்திய அரசின் வேலை என்று நகராட்சியின் அதிகார எல்லையை நடுவர்களே வரைந்தார்கள். சர்வதேசச் சட்டத்தில் நகராட்சியின் செயலும் நாட்டின் செயலே. எங்கள் உள்நாட்டுச் சட்டம் இப்படித்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. பணத்தைக் கட்டுவது மத்திய அரசு. கட்டியவர் அடுத்த முறை சும்மா இருப்பாரா? முரண்டு பிடிக்கும் நகராட்சிக்கு மேலிடத்திலிருந்து தொலைபேசி வரும்.

தீர்ப்பு வரை போகாமலே காரியம் முடிவதும் உண்டு. ஹாம்பர்க் நகரில் எல்பா ஆற்றங்கரையில் அமைந்த மோர்பர்க் அனல்மின் நிலையத்துக்கு ஆற்று நீரைப் பயன்படுத்துவதில் நகர அதிகாரிகள் கடுமையான நிபந்தனைகள் விதித்தார்கள். நிலையத்தைக் கட்டிய சுவீடனின் வாட்டன்ஃபால் நிறுவனம் 2009-இல் சுமார் 140 கோடி யூரோ கேட்டு ஜெர்மனிமீது வழக்குப் போட்டது. சமரசம் ஏற்பட்டது, நிபந்தனைகள் தளர்ந்தன. பிறகு 2017-இல், அந்த நிலையத்துக்கு அனுமதி தந்ததில் இயற்கை வாழிடப் பாதுகாப்புச் சட்டத்தை ஜெர்மனி மீறிவிட்டது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பக்கம் கடுமை காட்டியதற்கு வழக்கு, மறுபக்கம் இளகியதற்குக் கண்டனம்! சிகரெட் பெட்டியின் தோற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு எதிராக பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனம் தொடுத்த வழக்குகளில் ஆஸ்திரேலியாவும் உருகுவேயும் வென்றன என்பது உண்மைதான். அந்த இடைவெளியில் நியூசிலாந்து தன் சட்டத்தை நிறுத்தி வைத்துக் காத்திருந்தது என்பதும் உண்மை.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் மன்ற உறுப்பினர்களை நான் முதலில் பார்க்கச் சொல்வது, ஒப்பந்த நிறுவனத்தின் பங்குகள் கடைசியில் எந்த நாட்டில் பதிவாகியிருக்கின்றன என்பதை. பொலிவியாவின் கோச்சபம்பாவில் குடிநீர் ஒப்பந்தம் 2000-இல் மக்கள் போராட்டத்தால் ரத்தானபோது, அமெரிக்காவின் பெக்டெல் சார்ந்த நிறுவனம் நெதர்லாந்து வழியாகப் பங்குகளை வைத்திருந்ததால், நெதர்லாந்து-பொலிவியா உடன்படிக்கையைக் கொண்டே வழக்குப் போட்டது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2006-இல் பெயரளவுக்கு இரண்டு பொலிவியானோவுக்குப் பங்குகளைக் கொடுத்துவிட்டு விலகியது. எல்லா ஊருக்கும் அந்த வாய்ப்பு அமையாது. ஒப்பந்த நிறுவனத்தின் பங்குகள் கைமாற நகராட்சி மன்றத்தின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்ப்பதற்குச் செலவேதும் இல்லை. ஒப்பந்தக் காலத்தைக் குறைத்து வைப்பதும், இடையில் முடித்துக்கொண்டால் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கை அதிலேயே எழுதிவிடுவதும் அப்படித்தான். இவை முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது. நடுவர் மன்றத்தில் பேச நமக்கு ஏதாவது கையில் இருக்கும்.

உடன்படிக்கையிலிருந்தே விலகிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். எரிசக்தித் துறை முதலீடுகளைக் காக்கும் எரிசக்திச் சாசன உடன்படிக்கையிலிருந்து இத்தாலி 2016-இல் வெளியேறியது. அதில் ஏற்கெனவே உள்ள முதலீடுகளுக்கு விலகலுக்குப் பின்னும் 20 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. கடலோர எண்ணெய்த் துரப்பணத் தடைக்காக 2017-இல் இத்தாலிமீது வழக்கு வந்தது.

ஆகவே வேலை கையெழுத்துக்கு முன்பே நடக்க வேண்டும். இந்தியா 2015 இறுதியில் இறுதிசெய்து அடுத்த ஆண்டு வெளியிட்ட மாதிரி முதலீட்டு உடன்படிக்கை, உள்ளாட்சி அரசுகளின் நடவடிக்கைகளுக்குத் தான் பொருந்தாது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. மாதிரி வெறும் மாதிரிதான். பேச்சுவார்த்தை மேசையில் அந்த வரி உயிரோடு இருக்குமா என்பது எதிரே அமர்பவரைப் பொறுத்தது. அடுத்து ஏதாவது ஓர் உடன்படிக்கையின் வரைவு வெளியானால், முன்னுரையை விட்டுவிட்டு, எவற்றுக்குப் பொருந்தாது என்று சொல்லும் பிரிவையும் இணைப்பிலுள்ள விலக்குப் பட்டியலையும் முதலில் படியுங்கள். உங்கள் ஊரின் குடிநீரும் மருத்துவமனையும் குப்பையும் அங்கே இல்லையென்றால், சேர்க்கச் சொல்லி மன்றத் தீர்மானம் போட்டு வர்த்தக அமைச்சகத்துக்கு அனுப்புங்கள்.