மங்கலான புள்ளியும் கறாரான வெட்டும்

நண்பர் ஒருவரின் படத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்து படத்தைப் புள்ளி புள்ளியாக மாற்றும் 'கலர் ஹாஃப்டோன்' ஃபில்டரைத் தட்டினேன். பழைய வாரப் பத்திரிகைப் படம் மாதிரி வரும் என்று நினைத்தால், மனிதர் முகத்தில் அம்மை போட்டதுபோல் வந்து நின்றார். ஃபில்டர் மேல் குற்றமில்லை. புள்ளிக்கு அங்கே என்ன வேலை என்று தெரியாமல் போட்டது என் தப்பு.

அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. கறுப்பு மை ஒட்டும், அல்லது ஒட்டாது. பாதி ஒட்டுவது என்று ஒன்று கிடையாது. புகைப்படத்திலோ கன்னத்திலிருந்து கழுத்து வரை வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. மையின் அடர்த்தியை மாற்ற முடியாது, சரி, மை பிடிக்கும் இடத்தின் அளவை மாற்றலாமே? வெளிச்சமான இடத்தில் பொடிப் புள்ளி, இருட்டான இடத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் பெரிய புள்ளி. மிச்சத்தைக் கண் பார்த்துக்கொள்ளும். 30 செ.மீ. தூரத்தில் நம் கண்ணால் ஏறத்தாழ 0.09 மி.மீ. வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். அங்குலத்துக்கு 150 வரிசை வைத்து அச்சிடும் பளபளப்பான பத்திரிகையில் புள்ளிகளுக்கு இடைவெளி 0.17 மி.மீ.; உற்றுப் பார்த்தால்தான் தெரியும். 85 வரிசை வைக்கும் செய்தித்தாளில் 0.3 மி.மீ. அதனால்தான் பேப்பர் படத்தைக் கிட்டே கொண்டுபோனால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

நியூயார்க்கின் 'டெய்லி கிராஃபிக்' நாளிதழ் 1880 மார்ச் 4 அன்று இந்த முறையில் ஒரு புகைப்படத்தை அச்சிட்டது. அப்புறம் வந்த கண்ணாடித் திரைதான் எனக்குப் பிடித்த பகுதி. நெருக்கமாகக் கோடு கீறிய இரண்டு கண்ணாடிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, கேமராவுக்குள் படம் பதியும் பிளேட்டுக்கு முன்னால், சற்றே இடைவெளி விட்டு வைப்பார்கள். சூட்சுமம் அந்த இடைவெளியில் இருக்கிறது. சின்னச் சின்னச் சதுர ஜன்னல் வழியே வரும் ஒளி, பிளேட்டில் விழும்போது நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் பரவும். பிளேட்டோ கறாரானது: போதிய ஒளி பட்டால் கறுக்கும், இல்லையென்றால் கறுக்காது. ஆகவே வெளிச்சமான பகுதியில் ஓரம் வரை கறுத்துப் புள்ளி பருக்கும். இருட்டான பகுதியில் நடு மட்டும் கறுக்கும். (இது நெகடிவ், அச்சில் தலைகீழாகிவிடும்.) அந்த இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டு ஆராய்ந்தவர்களில் ஒருவர் கல்கத்தாவின் உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி, சத்யஜித் ராயின் தாத்தா. அவருடைய கட்டுரைகள் பிரிட்டனின் 'பென்ரோஸ்' ஆண்டு மலரில் வெளியாயின.

மென்பொருள் செய்வதும் இதையேதான். நம்பாவிட்டால் ஃபில்டர் இல்லாமல் செய்து பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல், ஓரம் மங்கிய கறுப்புப் புள்ளிகள் வரிசையாக உள்ள ஒரு லேயரை 50 சதவீத ஒளிபுகுதலோடு வைத்து, இரண்டையும் சேர்த்து, 'திரெஷோல்டு' 128 என்று வெட்டுங்கள்; அதற்குக் கீழே இருப்பதெல்லாம் முழுக் கறுப்பு, மற்றதெல்லாம் முழு வெள்ளை. படத்தில் ஓர் இடம் 200 என்றால் (0 கறுப்பு, 255 வெள்ளை), புள்ளி லேயர் 56-க்குக் கீழே இருக்கும் இடம் மட்டும் கறுப்பாகும். அதாவது புள்ளியின் நடு. படம் 60 என்றால் 196-க்குக் கீழே உள்ளதெல்லாம் கறுப்பு, புள்ளிகள் பருத்து ஒட்டிக்கொள்ளும். மங்கலான புள்ளி கண்ணாடித் திரை, திரெஷோல்டு அந்தக் கறார் பிளேட்.

வண்ணப் படத்தில் நான்கு மைக்கும் நான்கு புள்ளி வலை. எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் அடுக்கினால், இம்மி விலகினாலும் அலை அலையாகக் கோலம் விழும். அச்சகத்தில் வழக்கமாக சியான் (பச்சை கலந்த நீலம்) 15, மஜென்டா (ஊதா கலந்த சிவப்பு) 75, மஞ்சள் 0, கறுப்பு 45 டிகிரி. கண்ணுக்குச் சாய்வு வரிசைகள் குறைவாகவே உறுத்தும் என்பதால், எடுப்பாகத் தெரியும் கறுப்புக்கு 45. அவ்வளவாகத் தெரியாத மஞ்சளுக்கு 0. ஃபோட்டோஷாப் பெட்டியில் 108, 162, 90, 45 என்று இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். சதுர வலையை 90 டிகிரி திருப்பினால் பழையபடியே தெரியும், ஆக அவை 18, 72, 0, 45 தான். கிம்ப் மென்பொருளில் இதே வேலைக்கு 'நியூஸ்பிரின்ட்' ஃபில்டர் இருக்கிறது.

ஒரு விஷயம்: புள்ளி போட்ட பிறகு படத்தைச் சிறிதாக்காதீர்கள். பிக்சல் வலையும் புள்ளி வலையும் மோதி அதே அலைக் கோலம் வரும். அளவை முதலிலேயே முடிவு செய்து, கடைசியாகப் புள்ளி போட்டு, பிஎன்ஜி-யாகச் சேமியுங்கள். ஜேபெக் புள்ளியின் விளிம்பை அழுக்காக்கும்.

நண்பரின் முகத்துக்கு வருவோம். அந்தப் படத்தில் முகத்தின் அகலம் வெறும் 150 பிக்சல். ஃபில்டரின் ரேடியஸ், அதாவது மிகப் பெரிய புள்ளியின் ஆரம், தானாக வரும் 8 பிக்சல். காதிலிருந்து காது வரை பத்துப் பன்னிரண்டு புள்ளிதான். ஒரு கண்ணுக்கு இரண்டு புள்ளி கிடைத்தால் பெரிய விஷயம். ரேடியஸ் 4-க்குக் கீழே இறங்காது. எனவே படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கி, ரேடியஸ் 4 வைத்து மறுபடி போட்டேன். கண் கண்ணாகவும் மூக்கு மூக்காகவும் வந்தது. இரண்டையும் அனுப்பினேன். அவர் வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டது அம்மை போட்டதைத்தான்.