முளை அடிக்க முன்னம் ஒருக்கால் திரும்பி அளவுங்கள்

நெடுங்கேணிப் பக்கம் ஒரு காணி. பங்குனி மாதம், கிணறு வற்றிவிட்டது, குழாய்க்கிணறு அடிக்க இடம் பார்க்க வேணும் என்று கூப்பிட்டார்கள். காலை எட்டு மணிக்கு மேற்கு வேலியில் காந்தமானியோடு தொடங்கினேன். கிழக்கே போகப் போக இலக்கம் ஏறியது. பதினொன்றரைக்குப் பாலை மரத்தடியில் 70 நனோரெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) கூட. கீழே வேறு கல் குறுக்காக ஓடுகிறது, அதன் ஓரம் வெடிப்பில் தண்ணீர் நிற்கும் என்று முளை அடித்தேன். காணிக்கார அம்மா அதற்குத் திருநீறு பூசிக் கும்பிட்டார். மனம் கேட்காமல் பின்னேரம் ஐந்து மணிக்கு அதே முளையில் மறுபடி அளந்தேன். ஏறிய 70இல் ஒன்றும் மிச்சமில்லை.

கல் அப்படி இறங்காது. மாறியது வானம். 100 கிலோமீற்றருக்கு மேலே, வெயில் பட்ட காற்று மின் கடத்தும். அது புவிக்காந்தப் புலத்தை அறுத்துக்கொண்டு ஓடும்போது மின்னோட்டம் பிறக்கிறது. அதன் காந்தம் நிலம்வரை வருகிறது. காந்த ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் கோடான காந்த மத்தியகோடு எங்களை அண்டிப் போவதால் இங்கே அந்த ஓட்டம் ஒடுங்கி, மதியத்தையொட்டி வெள்ளமாய்ப் பாயும். புலமும் ஏறக்குறையக் கிடையாக இருப்பதால் ஏற்றம் முழுக்கக் கருவியில் விழும். பங்குனியிலும் புரட்டாதியிலும்தான் இது கூடுதல் வலு. வன்னியில் தண்ணீருக்கு ஆலாய்ப் பறக்கும் மாதமும் பங்குனிதானே!

நிலவுக்கும் பங்குண்டு. கடலைப்போலக் காற்றிலும் அது வற்றுப்பெருக்கை எழுப்புகிறது. பொதுவாகச் சூரியனின் பங்கில் பத்தில் ஒன்றளவு. ஆனால் நாளுக்கு 50 நிமிடம் பிந்தும், பதினைந்து நாளுக்கொருமுறை பழைய நேரத்துக்கு வரும். மார்கழி, தையில் எங்கள் பக்கம் அது ஓங்கும். சில பின்னேரங்களில் மேலே ஓட்டமே எதிர்த்திசைக்குத் திரும்பி, அளவீடு இரவு மட்டத்துக்கும் கீழே போகும். 1850களில் விஞ்ஞானி ஜோன் அலன் புரூண் திருவனந்தபுரத்திலும் அகத்தியமலை உச்சியிலும் காந்த ஊசியைக் காவல் காத்து, நிலவின் பங்கைப் பிரித்தெடுத்தார். எங்கள் வானத்தை அறிந்த வேலை அது.

ஆகவே, இடம் பார்க்க வருபவரிடம் கூசாமல் கேளுங்கள்: நீங்கள் அளந்துகொண்டு நடக்கும்போது, அசையாமல் ஒரே இடத்தில் இன்னொரு கருவி நிற்கிறதா? இல்லையென்றால், அரைமணிக்கொருக்கால் தொடங்கிய முளைக்குத் திரும்பி வந்து அளக்கிறீர்களா? நேற்று அளந்ததை இன்று அளந்ததோடு அப்படியே ஒட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடன்பட்டுத் துளைக்கிற காசு உங்களுடையது.

அந்தக் காணியில் மறுநாள் வேலியோரம் இரண்டாவது கருவியை நிறுத்தி, அதன் ஏற்ற இறக்கத்தைக் கழித்துப் பார்த்தோம். பாலையடியில் கோடு தட்டையாகக் கிடந்தது. உண்மையான துள்ளல் மேற்கு வேலிக்குக் கிட்ட, நான் விடியவே தாண்டிப்போன இடத்தில். அம்மாவிடம் விசயத்தைச் சொல்லி, அவர் முன்னாலேயே பழைய முளையைப் பிடுங்கினேன்.