ஹெல்மெட் சட்டம்: எதில் தெரிவு உண்டு, எதில் இல்லை

மோட்டார் சைக்கிளில் ஏறினால் ஓட்டுபவரும் ஹெல்மெட் போட வேண்டும், பின்னால் இருப்பவரும் போட வேண்டும். இலங்கையின் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதற்குப் பின்னால் வந்த திருத்தங்களும் இந்த விடயத்தில் கேட்பது அவ்வளவுதான். கிட்டவா தூரவா என்ற பேச்சு இல்லை. வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு இரண்டு ஒழுங்கை தாண்டி வீட்டுக்குப் போனாலும் வீதி வீதிதான். “தலையில பூ வச்சிருக்கிறன்”, “இந்தா பக்கத்திலதானே”, “வெயிலுக்குத் தலை அவியுது” என்று கொழும்பில் அன்றாடம் கேட்கும் சாட்டுகளில் கடைசியில் மட்டும் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. ஏப்ரல் மத்தியானம் மருதானையில் சிவப்பு விளக்குக்கு நிற்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பிடிபட்டால் என்ன நடக்கும்? 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த உடனடித் தண்டப்பட்டியலில் ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபா. பொலிஸார் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டச் சீட்டைத் தருவார்கள். 14 நாளுக்கு அந்தச் சீட்டே தற்காலிக அனுமதிப்பத்திரம், ஆகவே பத்திரமாக வைத்திருங்கள். அதற்குள் தபால் நிலையத்தில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் லைசன்ஸ் திரும்பக் கிடைக்கும். 14 நாள் தாண்டினால் தொகை இரட்டிப்பு. 28 நாளும் தாண்டினால் நீதவான் நீதிமன்றம். 2025இலிருந்து கவ்பே (GovPay) என்ற அரசின் இணையக் கட்டண முறை வழியாகவும் தண்டம் கட்டும் வசதி படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. சீட்டு எழுதியது பிழை என்று நினைப்பவர் காசைக் கட்டாமல் நீதிமன்றத்தில் தன் பக்கத்தைச் சொல்லலாம். ஆயிரம் ரூபாவுக்காக வேலையை விட்டுவிட்டு யார் போவது என்பது வேறு கதை.

இனி, “என் தலை, என் விருப்பம்” என்ற வாதம். இது வெறும் வீம்பு அல்ல. அமெரிக்காவில் 1966இல் மத்திய அரசு ஹெல்மெட் சட்டத்தை நெடுஞ்சாலை நிதியோடு முடிச்சுப் போட்டது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் கொண்டுவந்தன. 1976இல் அந்த முடிச்சு அவிழ்ந்ததும் பல மாநிலங்கள் சட்டத்தைத் தளர்த்தின. இல்லினோய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் ஆகிய மூன்றிலும் வளர்ந்தவர்களுக்குக் கட்டாயமே இல்லை. புளோரிடா 2000இல் ஒரு கணக்குப் போட்டது: 21 வயது தாண்டியிருந்து, 10,000 டொலர் மருத்துவக் காப்புறுதியும் இருந்தால் ஹெல்மெட் உங்கள் இஷ்டம். பிரித்தானியா 1973இல் கட்டாயமாக்கிவிட்டு, 1976இல் தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு விலக்குக் கொடுத்தது.

புளோரிடாக் கணக்கை இங்கே போட முடியாது. காயப்பட்டவரைக் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைக்குக் கொண்டுபோனால், காப்புறுதி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஸ்கான், சத்திரசிகிச்சை, அதிதீவிரக் கட்டில் எல்லாம் பொதுப்பணம். அப்படியென்றால் சிகரெட் பிடிப்பவரையும் தடுக்க வேண்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் பதில்: ஹெல்மெட் நம்மிடம் கேட்கும் விட்டுக்கொடுப்பு சிறியது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, கொக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் மீளாய்வு, அது மரண ஆபத்தை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைப்பதாகக் கண்டது. பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளாக இருக்கும் நாட்டில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

உரிமை மீறல் என்று வழக்குப் போடலாமா? அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை நடமாடும் சுதந்திரத்தைத் தருகிறது. 15(7) அதையே பொது ஒழுங்குக்காகவும் பொதுச் சுகாதாரத்துக்காகவும் சட்டத்தால் மட்டுப்படுத்த இடம் கொடுக்கிறது. அதைவிடப் பெரிய மதில் 80(3): பாராளுமன்றம் நிறைவேற்றி, சபாநாயகர் சான்றுரைத்த சட்டம் செல்லுமா என்று பிறகு எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது.

ஆனால் அந்த மதில் சட்டத்துக்குத்தான். பொலிஸாரின் உத்தரவு வேறு. 2015இல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். முகத்தை மறைத்துக்கொண்டு வந்து கொள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லி, முழுமுக ஹெல்மெட்டுக்குப் பொலிஸார் தடை அறிவித்தார்கள். மார்ச்சில் தொடங்க இருந்தது ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. மோட்டார் சைக்கிள்காரர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள், இடைக்காலத் தடையுத்தரவு கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கில் “என் விருப்பம்” என்றவர்கள் கேட்டது தாடையையும் சேர்த்துக் காப்பாற்றும் ஹெல்மெட்டைப் போட அனுமதியை. கழற்றும் உரிமையை அல்ல. இன்று மரீன் டிரைவில் பத்து நிமிடம் நின்று பாருங்கள், எத்தனை முழுமுக ஹெல்மெட் போகிறது என்று.

வங்கியிலும் செட்டியார் தெரு நகைக்கடையிலும் “ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வரவும்” என்று எழுதியிருப்பது அந்த இடத்தின் நிபந்தனை. வீதிச் சட்டத்தோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொண்டு வாசலில் சண்டை பிடிக்க வேண்டாம்.

தெரிவு பற்றிப் பேசும்போது யாரும் சொல்லாத ஒரு ஆள் இருக்கிறது. பாடசாலை விடும் நேரம் பம்பலப்பிட்டியில் பாருங்கள்: அப்பாவின் தலையில் ஹெல்மெட், பின்னால் சீருடையோடு இருக்கும் பிள்ளையின் தலை வெறுமை. அந்தப் பிள்ளையிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. “வளர்ற பிள்ளை, ஆறு மாசத்தில அளவு காணாது” என்பார்கள். சப்பாத்துக்கும் அதே நிலைதான், அதை வாங்காமல் விடுவதில்லையே.

வாங்கும்போது எஸ்.எல்.எஸ். (SLS) என்ற இலங்கைத் தரச்சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியைப் பூட்டிய பிறகு பின்னாலிருந்து முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. பட்டி பூட்டாமல் கவிழ்த்துக்கொண்டு போவது பொலிஸாரின் கண்ணுக்கு மட்டும் காட்டும் வேலை, விழும்போது ஹெல்மெட் தனியாக உருண்டு போய்விடும். பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகம் எவ்வளவும் வாங்கலாம், பழைய ஹெல்மெட் மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் நுரைப்படை ஒருமுறை நசுங்கினால் மீளாது, வெளியே பார்த்தால் அது தெரியவும் தெரியாது.