சமூகசேவையாளரும் சமூகப்பணியாளரும்

திருகோணமலையில் அச்சான ஒரு திருமண அழைப்பிதழையோ மரண அறிவித்தலையோ எடுத்துப் பாருங்கள். கோயிலுக்குத் தேர்வடம் வாங்கிக் கொடுத்தவர், விளையாட்டுக் கழகத்துக்குச் சீருடை தைத்துக் கொடுத்தவர் எல்லாருக்கும் பெயருக்குப் பின்னால் 'சமூகசேவையாளர்' என்று இருக்கும். பக்கத்தில் 'சமாதான நீதவான்' என்பதும் சேர்ந்துவிட்டால் இன்னும் சிறப்பு. நல்ல மனிதர்கள்தாம், குறை சொல்ல வரவில்லை. ஆனால் நான்கு வருடம் படித்து, களப்பயிற்சி முடித்து, அடிபட்ட ஒரு பெண்ணோடும் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற ஒரு பையனோடும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிறவரையும் நாம் அதே சொல்லால்தான் அழைக்கிறோம். சம்பளம் வாங்குகிறார் என்று தெரிந்ததும், "இதுக்கும் காசா?" என்று முகம் சுளிக்கிறோம்.

ஆங்கிலத்தில் இந்தத் தொழிலின் பெயர் 'சோஷியல் வேர்க்'. 'சோஷியல்' என்பதன் வேர், தோழன் என்று பொருள்படும் இலத்தீன் சொல். தொழில் தொடங்கிய விதத்தில் அவ்வளவு தோழமை இருக்கவில்லை. 1869இல் இலண்டனில் தருமங்களை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம் எழுந்தது. ஒருவரே பல இடங்களில் உதவி வாங்குவதைத் தடுப்பதும் அதன் கவலைகளில் ஒன்று. 1895இல் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்மணியை அச்சங்கம் அந்நகரின் றோயல் ஃபிறீ மருத்துவமனையில் அமர்த்தியது. இலவச சிகிச்சைக்கு வருகிறவர்களில் பணம் கட்டக்கூடியவர் யார் என்று பார்ப்பது அவருக்குக் கொடுத்த வேலை. 1915இல் அமெரிக்கக் கல்வியாளர் ஏபிரகாம் ஃபிளெக்ஸ்னர், இது இன்னும் ஒரு முழுமையான தொழிலாகவில்லை என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். இரண்டே வருடத்தில் அதே நாட்டின் மேரி றிச்மண்ட் என்ற பெண்மணி, ஒருவருடைய நிலையை எப்படி விசாரித்து அறிவது என்பதைத் தடித்த புத்தகமாக எழுதி வெளியிட்டார். பம்பாயில் 1936இலும் கொழும்பில் 1952இலும் இதற்கான கல்விக்கூடங்கள் தொடங்கின. கொழும்பில் தொடங்கியதுதான் இன்று சீதுவையில் இருக்கும் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம்.

தமிழில் இதற்கு எதைச் சொல்வது? 'தொண்டு' அழகான சொல். தொல்காப்பியத்தில் ஒன்பது என்ற எண்ணுக்கும் அதுதான் பெயர் என்பது வேறு கதை. ஆனால் தொண்டருக்குக் கூலி இல்லை, அவர் பிழை விட்டால் விசாரணையும் இல்லை. 'சேவை' வடசொல். சேவித்தல் என்றால் நம் காதில் கும்பிடுவதுதான் விழும். 'சமூக வேலை' என்று எழுதுவோரும் உண்டு. படித்தால் தெருக்கூட்டும் சிரமதானம் நினைவுக்கு வருகிறது.

எனக்குப் பிடித்தது 'சமூகப்பணி'. பணி என்பது வேலை. பணிதல், தாழ்ந்து வணங்குதல். "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று அப்பர் பாடியதில் இரண்டும் இருக்கின்றன. அதே அடியில் பிறந்த பணித்தல் என்பதோ கட்டளையிடுதல். மேசைக்குப் பின்னால் இருப்பவர் எந்த நேரத்தில் பணிகிறார், எந்த நேரத்தில் பணிக்கிறார் என்பது எதிரே நிற்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

'சமூகம்' என்பதில் ஒரு சுவை உண்டு. மக்கள் கூட்டத்தைக் குறிக்கும் சமூகம் 'சமூஹ' என்ற வடசொல்லின் வழி வந்தது. நம் கூட்ட அறிக்கைகளில் வரும் 'சமூகமளித்தோர்' வேறு வழி. முகத்துக்கு நேரே என்று பொருள்தரும் 'ஸம்முக' அதன் மூலம். வேர் வேறானாலும், நேரில் போய் நிற்காமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தச் சொற்கள் மாவட்டமெங்கும் வெள்ளமாக வந்தன. உதவி பெறுகிறவரைக் குறிக்கும் 'கிளையன்ட்' என்பதைச் சிலர் 'வாடிக்கையாளர்' ஆக்கினார்கள். முகாமில் ஒரு அம்மா, "நாங்கள் உங்களிடம் என்ன வாங்கினோம் தம்பி?" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. 'பயனாளி' என்பது பட்டியலுக்குரிய சொல். வரிசையில் நிற்பவரைக் குறிக்கும். இலங்கைத் தமிழில் நிலைத்துவிட்ட 'சேவைநாடி' இவற்றை விட மேல். ஆனாலும் குறளில் "நோய்நாடி நோய்முதல் நாடி" என்னும்போது நாடுகிறவர் வைத்தியர். இங்கே நாடவேண்டிய பாரத்தை வந்தவர் தலையில் வைத்துவிட்டோம். நீதிமன்றக் கட்டளையில் சிறுவர் இல்லத்துக்கு வந்த பத்து வயதுப் பிள்ளை எந்தச் சேவையை நாடியது?

இத்தொழிலின் விழுமியங்களில் தமிழாக்கக் கடினமானது, தன் வாழ்க்கையைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை. கைநூல்கள் 'சுயநிர்ணயம்' என்கின்றன. திருகோணமலையில் அந்தச் சொல்லை உரக்கச் சொன்னால் பயிற்சி வகுப்பு அரசியல் கூட்டமாகிவிடும். 'தன்தெரிவு' போதும் என்பேன். சுனாமிக்குப் பின் குச்சவெளிப் பக்கம் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்குத் தையல் இயந்திரம் கொடுத்தார்கள். அடுத்த வருடம் போனபோது அதன்மேல் சேலைத் துண்டு விரித்துத் தொலைக்காட்சி வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்தது மீன். சைக்கிளும் ஐஸ் பெட்டியும் கிடைத்திருந்தால் விடியற்காலையில் கரைக்குப் போய்வந்திருப்பார். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

'இரகசியம் பேணல்' மொழிபெயர்க்க எளிது, செய்வது கடினம். நிறுவனப் பெயர் எழுதிய வாகனம் ஒழுங்கைக்குள் திரும்பினாலே எந்த வீட்டில் என்ன என்று ஊருக்குத் தெரிந்துவிடும். மூதூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் மோட்டார் சைக்கிளைச் சந்திக் கடையில் நிறுத்தி, ஒரு வெறுந்தேநீர் குடித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்து போவார். எந்த வகுப்பிலும் அவர் இதைப் படிக்கவில்லை.

வகிபாகங்களின் பெயர்களில் சிரிப்பும் உண்டு. வளங்களோடு ஆளைத் தொடுத்துவிடுகிறவரை ஆங்கிலத்தில் 'புரோக்கர்' என்பார்கள். அதை அப்படியே 'தரகர்' என்று பெயர்த்தால் காணித் தரகரும் கல்யாணத் தரகரும் வந்து நிற்கிறார்கள். 'இணைப்பாளர்' என்றால் முடிந்தது. ஒருவர் பக்கம் நின்று வாதாடுகிறவரை வழக்கறிஞர் ஆக்க வேண்டியதில்லை; அவர் 'பரிந்து பேசுபவர்'. 'கேஸ் வேர்க்' என்பதற்கு 'வழக்கு வேலை' என்று எழுதினால் ஆளைக் கூட்டில் ஏற்றியதுபோல் இருக்கும். 'தனியாள் பணி' என்பதே பொருத்தம்.

பிரதேச செயலகத்துப் பதவிப் பெயர் 'சமூக சேவைகள் உத்தியோகத்தர்' என்றே இருக்கிறது. அதை நாம் மாற்ற முடியாது. பயிற்சி பெற்றவரைப் பற்றிச் செய்தியோ அறிக்கையோ எழுதும்போது 'சமூகப்பணியாளர்' என்று எழுதலாம். அழைப்பிதழில் 'சமூகசேவையாளர்' அப்படியே இருக்கட்டும். எதை எழுதினாலும், வீட்டுக்கு வருகிறவரை நம் ஊர் 'மிஸ்' என்றும் 'சேர்' என்றும்தான் கூப்பிடப்போகிறது.