அது எந்த ஊர்ல சார்?

தர்மபுரி மாவட்டத்தில் கால்நடை மருத்துவராக வேலை பார்க்கிறேன். காலையில் மருந்தகத்தைத் திறக்கும்போதே வேப்பமரத்தடியில் ஏழெட்டு மாடுகள் கட்டியிருக்கும். சினை ஊசி போட வந்தவர்களும் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து வாங்க வந்தவர்களும் காத்திருக்கும் நேரத்தில் போனில் வீடியோ பார்ப்பார்கள். பாதி விவசாய வீடியோக்கள்தான். பார்த்துவிட்டு என் பக்கம் போனை நீட்டிக் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது எந்த ஊர்ல சார்?"

நோய் என்ன, மருந்து என்ன என்பதெல்லாம் அப்புறம். முதலில் ஊர். ஊர் தெரியாத செய்தியை எங்கள் பக்கத்து விவசாயிகள் லேசில் நம்புவதில்லை. நம்பியவர்கள் நஷ்டப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

2022-ல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தோல் கழலை நோயால் மாடுகள் ஏராளமாகச் செத்தன. அந்தக் காட்சிகள் டிவியில் ஓடின. மாநிலத்தின் பெயர் திரையின் ஓரத்தில் இருந்தது. வாட்ஸ்அப்பில் துண்டாக வெட்டி அனுப்பியபோது அதுவும் போய்விட்டது. பென்னாகரம் பக்கம் ஒருவர் பயந்துபோய், நன்றாகக் கறந்துகொண்டிருந்த இரண்டு மாடுகளை வந்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிட்டார். அவற்றுக்கு ஒரு கட்டிகூட இல்லை. கட்டி கிளம்பிய மாட்டையும் சிலர் அதே அவசரத்தில் விற்றார்கள். அது இன்னும் மோசம். கொசு, கடிக்கும் ஈ, உண்ணி இவற்றால் பரவுகிற நோய் அது. நோய்ப்பட்ட மாட்டை லாரியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோனால் நோயும் கூடவே போகும்.

இன்னொரு பக்கம், வீட்டுக்கு வீடு பால் ஊற்றுகிறவர்களிடம் வாடிக்கையாளர்கள் "கொஞ்ச நாளைக்குப் பால் வேண்டாம்" என்றார்கள். அந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆட்டம்மைத் தடுப்பூசியைக் கொண்டே மாடுகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தோம். நோய் கண்ட மாட்டைத் தனியாகக் கட்டி, கொட்டகையில் வேப்பிலைப் புகை போட்டு, புண்ணில் ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான மாடுகள் தேறிவிடும். கன்றுகளைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். செத்த மாட்டைக் காட்டிய நேரத்தில் கால்வாசியை இதற்கு ஒதுக்கியிருந்தாலும், அந்த இரண்டு மாடுகள் இன்றும் அந்தக் கொட்டகையில் நின்றிருக்கும்.

விவசாயிகள் என்னிடம் சொல்லும் இன்னொரு மனக்குறை தடுப்பூசி முகாம் பற்றியது. முகாம் நடந்த மறுநாள்தான் பேப்பரில் வருகிறது, அதுவும் அதிகாரிகள் வரிசையாக நிற்கிற படத்தோடு. "முடிஞ்ச கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்ச மாதிரி இருக்குதுங்க" என்றார் ஒரு பெரியவர். முந்தைய நாள் மூன்று வரி போட்டிருந்தால் அவர் மாட்டை ஓட்டி வந்திருப்பார்.

விலைச் செய்தியிலும் இதே கதைதான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது எல்லாச் செய்தியிலும் சமையலறைதான் பேசியது. பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி போட்டவர்களில் எத்தனை பேரிடம் அந்த நேரத்தில் காய் இருந்தது என்று கேட்க ஆளில்லை. 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. பாலில் உள்ள கொழுப்பும், கொழுப்பு நீங்கலான மற்ற திடச்சத்தும் (எஸ்.என்.எஃப்) பார்த்துத்தான் பால் சங்கத்தில் பணம் என்பதைப் பல செய்திகள் சொல்லவே இல்லை. "உனக்கென்னப்பா, லிட்டருக்கு 35" என்று அப்போது சொந்தக்காரர்கள் சொன்னபோது வந்த எரிச்சல் கறக்கிறவருக்குத்தான் தெரியும்.

வெற்றிக் கதைகள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் நாட்டு மாட்டுப் பேச்சு. நல்லதுதான். எங்கள் மண்ணின் ஆலம்பாடி இனத்தைப் பலர் அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். ஆனால் "நாட்டு மாட்டுப் பால் லிட்டர் நூறு ரூபாய்" என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, பெங்களூரு வேலையை விட்டு வந்த ஒரு தம்பி ஆறு ஆலம்பாடி வாங்கினார். காட்டோரம் பட்டியாக மேய்ந்து வளர்ந்த உழவு மாடு அது. கன்று குடித்தது போக வேளைக்கு ஒன்றரை லிட்டர் கிடைத்தாலே பெரிது. வீடியோவில் இருந்த பண்ணை ஒரு பெருநகரத்தின் ஓரத்தில் இருந்தது. நூறு ரூபாய் கொடுக்கும் வாடிக்கையாளர் அங்கே உண்டு, அவருடைய கிராமத்தில் இல்லை. தீவனச் செலவைப் பற்றி வீடியோவில் ஒரு வார்த்தை இல்லை. ஒன்றரை வருடத்தில் நான்கு மாடுகளை விற்றுவிட்டார்.

வீடியோ எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. பாதி சொல்வதுதான் ஆபத்து. ஒரு அம்மா மடிநோய் வந்த பசுவை ஐந்தாம் நாள் ஓட்டி வந்தார். சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசச் சொன்ன வீடியோவைப் பார்த்துப் பூசியிருக்கிறார். நல்ல மருந்துதான், நானும் சொல்வேன். ஆனால் கெட்ட பாலை முழுதும் கறந்து வெளியேற்ற வேண்டும், மடியைக் கழுவிவிட்டுப் பூச வேண்டும், ஒரு நாளில் பத்து முறை வரை பூச வேண்டும். காய்ச்சல் இருந்தாலோ தீனி எடுக்காவிட்டாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீடியோவில் இதெல்லாம் இல்லை. அவர் காலையும் மாலையும் மட்டும் பூசியிருக்கிறார். ஒரு காம்பு வற்றிவிட்டது.

எங்கள் பக்கத்தில் வானொலிக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. தர்மபுரி எஃப்எம் 102.5-ல் நம் ஊர்ப் பெயரும் நம் பருவமும் வருகிறது என்பார்கள். அறுபதுகளில் தஞ்சாவூர் விவசாயிகள் வானொலியில் கேட்டுப் பயிரிட்ட ஆடுதுறை 27 ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். கேட்டது வயலில் விளைந்ததால் வந்த பெயர் அது.

நிருபர்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. ஊரையும் மாதத்தையும் செலவையும் எழுதுங்கள். விவசாயிகளிடம் கேட்பது: மாட்டுக்கு எதையாவது கொடுப்பதற்கு முன் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள், அல்லது வீடியோவை உங்கள் மருத்துவருக்கு அனுப்புங்கள்.

பசுவின் காம்பு வற்றிப்போன அந்த அம்மா இப்போது எனக்கு வீடியோ அனுப்புகிறார். போன வாரம் வாயில் நுரை தள்ளும் மாட்டின் வீடியோ வந்தது, கூடவே குரல் பதிவு: "ஊர் பேரே இல்ல சார். கோமாரி நம்ம பக்கம் வந்துடுச்சா?" பார்த்தேன். பின்னால் கோதுமை வயல். "நம்ம ஊர் இல்லம்மா. ஆனா உங்க மாட்டுக்கு ஊசி போட்டு ஆறு மாசம் ஆச்சு. வியாழக்கிழமை உங்க பால் சங்கத்துக்கிட்ட முகாம். கன்னுக்கு நாலு மாசம் முடிஞ்சிருந்தா அதையும் ஓட்டிட்டு வாங்க" என்றேன்.

வந்தார். பக்கத்து வீட்டு மாடுகள் மூன்றையும் சேர்த்தே ஓட்டி வந்தார்.