வரித்தழும்பு

வன்னியில் நாலைந்து பிள்ளைப்பேறு கண்ட அம்மம்மாமாரிடம் ‘ஸ்ட்ரெச் மார்க்’ என்றால் விழிப்பார்கள். ‘வயித்தில வரி விழுந்திருக்கு’ என்றால் போதும், தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்துவிடுவார்கள். கிளினிக்குக்குப் போய்வரும் இளம் தாய்மாருக்கோ ஆங்கிலச் சொல்தான் வாயில் வருகிறது. கிறீம் விற்பவர்கள் பழக்கிவிட்டது அது. தோல் இழுபட்டு விழும் இந்தக் கோட்டுக்குத் தமிழில் எந்தப் பெயர் பொருந்தும்?

மருத்துவ நூல்களில் இதன் பெயர் ‘ஸ்ட்ரியே டிஸ்டென்சே’. லத்தீனில் ஸ்ட்ரியா என்றால் உழவு சால், பள்ளக் கோடு. மற்றச் சொல்லுக்கு இழுத்து விரிக்கப்பட்டது என்று பொருள். நம்முடைய ‘வரி’யும் கோடுதான். வரிக்குதிரையின் வரி, எழுத்தில் வரும் வரி எல்லாம் ஒரே குடும்பம். (அரசாங்கம் கேட்கும் வரியை இங்கே விட்டுவிடுவோம்.)

சரி, ஏன் விழுகிறது? மேல்தோலுக்குக் கீழே உள்ள உட்தோலில் கொலாஜன், எலாஸ்டின் என்ற நார்கள் பின்னிக் கிடக்கின்றன. தோலுக்கு உறுதியும் இழுபடும் தன்மையும் தருபவை இவையே. உடம்பு மெல்லப் பருத்தால் நார்களும் கூடவே வளர்ந்து ஈடுகொடுக்கும். சில மாதங்களுக்குள் சடுதியாகப் பருத்தால் அவை அறுந்துபோகும். மேல்தோல் கிழிவதில்லை, காயம் உள்ளே ஆறுகிறது. அதனால்தான் முதலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ, கறுத்த தோலில் கரும்பழுப்பாகவோ தெரிந்து, கடித்து (அரிப்பெடுத்து), பிறகு வெளிறிச் சுருங்கிய கோடாக நிற்கிறது. இழுபடுவது மட்டும் காரணமில்லை. கர்ப்பகாலத்திலும் பருவ வயதிலும் ஹோர்மோன்கள் மாறுகின்றன. கோர்டிசோல் என்ற ஹோர்மோன் கூடினால் நார் உற்பத்தி குறையும். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம்.

பெண்களின் விஷயம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. திடீரென்று உயர்ந்த பதினாறு வயதுப் பையன் வாய்க்காலில் குளிக்கச் சட்டையைக் கழற்றுகிறான். இடுப்புக்கு மேலே முதுகில் குறுக்குக் குறுக்காகச் சிவந்த கோடுகள். ‘ஆரடா அடிச்சது?’ என்று பெரியவர்கள் பதறுவார்கள். பிரம்படித் தழும்பு மாதிரியே இருக்கும். மருத்துவர்களும் அப்படிச் சந்தேகப்பட்டதுண்டு. யாரும் அடிக்கவில்லை, பையன் வளர்ந்திருக்கிறான், அவ்வளவுதான்.

ஆகவே ‘பிரசவத் தழும்பு’ என்ற பெயர் சரிவராது. ‘நீட்சிக்குறி’ ஆங்கிலத்தை அப்படியே தூக்கி வைத்தது போல இருக்கிறது; குறி என்றால் மேலே கீறிய அடையாளம் என்று தோன்றும். உள்ளே நடந்தது காயம், ஆறி மிஞ்சியது தழும்பு. ‘வரித்தழும்பு’ இரண்டையும் சொல்லிவிடுகிறது.

பழந்தமிழில் ‘திதலை’ உண்டு. அகராதிகள் அதற்குத் தேமல் என்றும், பிள்ளை பெற்ற பெண்ணின் வெளுப்பு நிறம் என்றும் பொருள் தருகின்றன. நற்றிணை 370ஆம் பாட்டில், புதல்வனைப் பெற்றுக் கிடக்கும் மனைவியிடம் கணவன், ‘அவ்வரித் திதலை அல்குல் முதுபெண்டு ஆகித் துஞ்சுதியோ’ என்று கேட்கிறான். அழகிய வரித் திதலையோடு முதுபெண்ணாகி உறங்குகிறாயோ என்று பொருள். அழகிய வரி என்கிறான், கவனியுங்கள்! பிள்ளைப்பேற்றோடு சேர்த்துச் சொல்வதால் இந்தத் தழும்பைத்தான் சொல்கிறான் என்று வாசிக்கவே எனக்கு விருப்பம். ஆனால் இன்று அந்தச் சொல்லை எடுத்தால் தேமலோடு குழம்பும். தேமல் பெரும்பாலும் பூஞ்சணத்தால் வருவது, மருந்து பூசினால் போகும். வரித்தழும்பு மங்குமே தவிர முழுதாகப் போகாது.

எண்ணெய் பூசினால் கடி தணியும், தோல் காயாது. ஆனால் எண்ணெயோ கிறீமோ வரி விழாமல் தடுக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. சிவப்பாக இருக்கும்போது ட்ரெட்டினோயின் என்ற பூச்சு மருந்து ஓரளவு உதவும்; கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. கலியாணத்துக்கு முன் வெள்ளையாக வேண்டும் என்று பெயர் விபரம் இல்லாத கிறீமை வாங்கிப் பூசுவது இன்னும் மோசம். அவற்றில் வீரியமான ஸ்டெரொய்ட் (கோர்டிசோல் மாதிரி வேலை செய்யும் மருந்து) கலந்திருந்தால், அக்குளிலும் தொடையிடுக்கிலும் தோல் மெலிந்து புதிதாக வரி விழும். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் அகலமான ஊதா வரிகளோடு முகம் வட்டமாக உப்பி, பிரஷரும் கூடியிருந்தால், உடம்பில் கோர்டிசோல் மிகுந்திருக்கிறதா என்று வைத்தியரிடம் இரத்தமோ சிறுநீரோ சோதித்துப் பார்க்க வேண்டும்.