வாசித்துக்கொண்டே மாற்றினால் வட்டி இரண்டு தரம் ஏறும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கச் சங்கங்களின் கணக்கு மென்பொருளைப் பராமரிக்கிறபோது வரும் முறைப்பாடு இது: "தம்பி, சில ஆக்களுக்கு மட்டும் வட்டி ரெண்டு தரம் ஏறியிருக்கு." புரோகிராமைத் திறந்தால், கணக்குகளை ஆயிரம் ஆயிரமாக, மீதி குறைந்ததிலிருந்து வாசித்து, லூப்புக்குள்ளேயே (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) வட்டியைச் சேர்த்து அப்டேட் செய்திருப்பார்கள்.

முதல் ஆயிரம் 9,900 ரூபா மீதியோடு முடிகிறது என்று வையுங்கள். 5 வீதம் சேர்த்ததும் அந்தக் கணக்கில் 10,395. அடுத்த தடவை 9,900க்கு மேற்பட்டதைக் கேட்டால் அதே கணக்கு திரும்பவும் வந்து நிற்கும். 2,000 ரூபாக்காரர் தப்பிவிடுவார், எல்லைக்குக் கிட்ட நின்றவர்கள்தான் மாட்டுவார்கள். அதனால்தான் "சில ஆக்களுக்கு மட்டும்".

இது பழைய வில்லங்கம். 1976இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் டேட்டாபேஸிடம், 25,000 டொலருக்குக் குறைந்த சம்பளக்காரருக்கு 10 வீதம் கூட்டச் சொல்ல, எல்லாரும் 25,000ஐத் தொடும்வரை கூடிக்கொண்டே போனதாம். கண்டுபிடித்த நாள் ஹாலோவீன் பண்டிகை என்பதால் இந்த வில்லங்கத்துக்குப் பெயரும் 'ஹாலோவீன் பிரச்சினை'. இன்றைய டேட்டாபேஸ்கள் ஒரே அப்டேட் வசனத்துக்குள் (டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் ஒரு கட்டளை) இதைத் தடுத்துவிடும். நாம் எழுதும் லூப்புக்கு அந்தக் காவல் இல்லை.

லூப் உண்மையிலேயே வேண்டுமா? உதாரணத்துக்கு, பழைய அடையாள அட்டை இலக்கத்தைப் 12 இலக்கமாக்க, முன்னால் 19, முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு 0, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் சரி. ஒரு வசன வேலை. அதற்கும் லூப் எழுதுகிறார்கள்!

எஸ்எம்எஸ் அனுப்புவது போன்ற வேலைக்கு லூப் தவிர்க்க முடியாது. அப்போது மாறாத பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய தனி ஐடி) ஒழுங்கில், கடைசியாக வாசித்த ஐடிக்கு மேலே ஆயிரம் எடுங்கள். ஓஃப்செட் (முதலில் இத்தனையை விட்டுவிட்டு எடு என்பது) வேண்டாம். 'அனுப்பாதவை' என்று வடிகட்டும்போது முதல் ஆயிரம் பட்டியலை விட்டுப் போய்விடும், ஓஃப்செட் 1000 இரண்டாவது ஆயிரத்தையும் தாண்டிவிடும்.

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் பஃபர் இல்லாமல் (முடிவு முழுவதையும் முதலில் எடுத்து வைக்காமல்) வாசிக்கும்போது அதே கனெக்சனில் அப்டேட் போகாது, இன்னொன்று திறக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 'வித் ஹோல்ட்' சொல்லாத கர்சர் (முடிவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கும் வழி), கொமிட் செய்ததும் (மாற்றங்களை உறுதிப்படுத்தியதும்) மூடிவிடும்.

வட்டிக்கு, 'இந்த மாதம் போட்டாயிற்று' என்ற அடையாளத்தையும் மீதியையும் ஒரே அப்டேட்டில் மாற்றி, அடையாளம் இல்லாதவற்றுக்கு மட்டும் என்று நிபந்தனை வையுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் பயமில்லாமல் முதலிலிருந்து ஓட்டலாம்.